யாழ்ப்பாணக் கரையில் ஓடில்லாக் கடல்நத்தை தேடுவது எப்படி

ஓடில்லாக் கடல்நத்தை பார்க்கப் போகிறவர்களில் பாதிப்பேர் ஒன்றையும் காணாமல் திரும்பி வருகிறார்கள். அவர்கள் நத்தையைத் தேடுகிறார்கள். தேட வேண்டியதோ அது தின்னும் சாமானை. கல்லில் ஒட்டி வாழும் கடற்பஞ்சு என்ற இரை உயிரை அடையாளம் காணத் தெரிந்தவருக்கு அதன்மேல் கிடக்கும் நத்தை தானாகவே தெரியும். கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

ஏன் அப்படி? இந்த நத்தைகள் முட்டையிலிருந்து வரும்போது சிறு ஓட்டோடுதான் வருகின்றன. சில நாள் மிதந்து திரிந்து, பொருத்தமான இரையின் மணம் பட்ட இடத்தில் தரை தட்டி உருமாறும்போது பெரும்பாலானவை ஓட்டைக் கழற்றிவிடுகின்றன. ஓடு போனபின் பாதுகாப்புக்கு வழி? இரையில் உள்ள நஞ்சை எடுத்துத் தன் தோலில் வைத்துக்கொள்வது, இரையின் கொட்டும் கலங்களைக் களவெடுத்துத் தன் முதுகில் அடுக்கிக்கொள்வது, இல்லையென்றால் இரையின் நிறத்திலேயே ஒளிந்துகொள்வது. மூன்றுக்கும் இரைதான் முதல். அதனால் பல இனங்கள் ஒரே வகைக் கடற்பஞ்சை, ஒரே வகைப் பாசியை விட்டு அசைவதில்லை. இரை அழிந்தால் அதுவும் போய்விடும்.

முதலில், எது நத்தை, எது இல்லை

எங்கள் ஊரில் இதைச் சொன்னதும் எதிரில் நிற்பவர் கடலட்டையைத்தான் நினைப்பார். கடலட்டை முட்தோலி வகை, நட்சத்திரமீனுக்கும் கடல் முள்ளிக்கும் சொந்தம். உருண்டு நீண்ட உடல், தடித்த தோல், தலை என்று தனியாக ஒன்று இல்லை. நத்தைக்கு அடியில் தட்டையான ஒரே பாதம் இருக்கும். பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் இரண்டு கொம்பு நிற்கும். அந்தக் கொம்பு கண் இல்லை, மோப்பம் பிடிக்கும் உறுப்பு. கொம்பு தெரிந்தால் நத்தை என்று துணிந்து சொல்லலாம்.

இதில் நடைமுறைச் சிக்கல் ஒன்றும் உண்டு. கடலட்டை பிடிக்கக் கடற்றொழில் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும், தீவுப்பகுதியில் பண்ணைகளும் நிறைய. பையும் வாளியும் கொண்டு பண்ணை வேலிக்குக் கிட்ட நின்று தண்ணீருக்குள் தடவினால் சந்தேகப்படுவார்கள், அது நியாயமும்கூட. இறங்க முதல் அங்கே நிற்கிற தொழிலாளியிடம் போய், "அண்ணை, அட்டை பிடிக்க வரேல்லை, படம் எடுக்கத்தான் வந்தனாங்கள்" என்று சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் அவரே நல்ல இடத்தைக் காட்டுவார். பண்ணை வேலி வலையில் பாசியும் கடற்பஞ்சும் பிடித்து வளர்வதால், அவர் தினமும் கையால் துடைத்து எறிகிறதுக்குள்ளேயே நத்தை இருக்கும்.

இன்னொரு குழப்பம் தட்டைப்புழு. நிறத்தில் நத்தையையே ஏமாற்றும். ஆனால் கடதாசித் தடிப்பில்தான் இருக்கும், முதுகில் செவுள் இருக்காது, கொம்பு இருக்கிற இடத்தில் விளிம்பின் மடிப்பு மட்டும் தெரியும். தொட்டால் கிழிந்துவிடும், தொடவேண்டாம்.

நத்தைக்குள் நான்கு கூட்டத்தைப் பிரித்தறிந்தால் தொடங்கப் போதும். முதுகின் பின்பக்கம் செவுள் கொத்தாக விரிந்து நிற்பவையும், முதுகு முழுக்க விரல்விரலான முளைகள் உள்ளவையும் வெறுஞ்செவுள் நத்தைகள். உலகில் 3,000 இனத்துக்கு மேல் தெரியும். பாசியின் சாற்றை உறிஞ்சிக் குடிக்கும் சிறு பச்சை நத்தைகள் இரண்டாவது. பெரிய, தடித்த கடல் முயல்கள் மூன்றாவது. சேற்றை உழுதுகொண்டு போகும், தலையில் கேடயம் உள்ளவை நான்காவது.

எங்கே, எந்தக் காலத்தில்

வாடைக்காற்று அடிக்கும் கார்த்திகை முதல் தை வரையான மாதங்களில் வடகரையில் இறங்காதீர்கள். அலையும் கலங்கலும்தான் மிஞ்சும். மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை கடல் தணிந்து தண்ணீர் தெளியும்; தொடங்குகிறவருக்கு அதுதான் காலம். சோளகக் காற்று எழுந்தபின் தீவுப்பகுதி கலங்கும், ஆனால் மயிலிட்டி, வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் காற்றுக்கு மறைவாகிப் பல நாட்கள் தெளிவாகவே கிடக்கும்.

இடத்தை மூன்றாகப் பிரியுங்கள். வடகரையின் சுண்ணக்கல் திட்டு: கல்லும் பொந்தும் கடற்பஞ்சும் உள்ள இடம், வெறுஞ்செவுள் நத்தைக்கு முதலிடம். மண்டைதீவு, வேலணைச் சாட்டி, புங்குடுதீவு, காரைநகர் ஓரங்களின் சாதாளை (கடற்புல்) படுகை: கடல் முயலுக்கும் பச்சை நத்தைக்கும். குறிகாட்டுவான் மாதிரியான இறங்குதுறைத் தூண்கள்: முளை நத்தைகளுக்கு. கசூரினாக் கடற்கரையின் வெறும் மணலில் நேரம் செலவழிக்காதீர்கள். அலை ஒதுக்கிய சாமானைப் பார்க்கப் போவது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன். தொண்டமானாறு, அரியாலைத் தடுப்பணைகளுக்கு உட்பக்கத் தண்ணீரை விட்டுவிடுங்கள். மழையில் நன்னீராகவும் கோடையில் கடும் உப்பாகவும் மாறும் தண்ணீரில் இவை நிலைக்காது. வெளிக் கடல்நீரேரியிலும் பெருமழை பெய்து சில வாரங்களுக்குத் தேட்டம் குறைவாகவே இருக்கும்.

வற்றுப்பெருக்கு அட்டவணையைக் கைப்பேசியில் பாருங்கள். காங்கேசன்துறை அல்லது பருத்தித்துறை எண் போதும். பறுவத்தையும் அமாவாசையையும் ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் வற்று கூடுதல். என்றாலும் எங்கள் கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் பெரிய நாளிலும் அரை மீற்றர் அளவுதான். கடல்நீரேரிக்குள்ளே அந்த அட்டவணை பாதிதான் பொருந்தும், ஏனென்றால் அங்கே தண்ணீரைக் கூட்டிக் குறைப்பது பெரும்பாலும் காற்று. போன உடனே ஒரு தடியை விளிம்பில் குத்தி வையுங்கள். இருபது நிமிடத்துக்குப் பின் பார்த்தால் தண்ணீர் போகிறதா வருகிறதா என்று விளங்கும். தாழ்ந்த வற்றுக்கு ஒரு மணித்தியாலம் முன் இறங்கி, தண்ணீர் திரும்பியதும் கரைப்பக்கமாகத் தேடிக்கொண்டே ஏறுவது வழக்கம்.

கொண்டுபோக வேண்டியவை

தடித்த அடியுள்ள மூடிய சப்பாத்து. செருப்பு சேற்றில் கழன்றுவிடும், வெறுங்காலைச் சிப்பி ஓடு வெட்டும். முழங்காலளவு தண்ணீரில் முகமூடிக் கண்ணாடி போட்டுக் குப்புறக் கிடந்து பார்ப்பதுதான் எல்லாவற்றிலும் சிறந்த வழி. நின்றுகொண்டு பார்த்தால் மேல்மினுக்கத்தில் ஒன்றும் தெரியாது. வெள்ளை ஐஸ்கிறீம் பெட்டி இரண்டு லீற்றர் அளவில் ஒன்று, ஒளி ஊடுருவும் சிறு சாப்பாட்டுப் பெட்டி அரை லீற்றர் அளவில் ஒன்று. மென்மையான சித்திரத் தூரிகை, பிளாஸ்ரிக் அடிமட்டம், பென்சில், மெழுகுத்தாள் கொப்பி. பேனை ஈரத்தில் எழுதாது. மூன்று லீற்றர் குடிதண்ணீர், குடை. குடை உங்களுக்கு மட்டுமல்ல, பெட்டிக்கும்.

கமரா பற்றி ஒரு வார்த்தை. தண்ணீர் புகாத உறைக்குள் போட்ட கைப்பேசி கடல் முயலுக்குப் போதும். ஐந்து மில்லிமீற்றர் பச்சை நத்தைக்குப் போதாது. ஒலிம்பஸ் டிஜி வரிசைக் கமராவில் நுணுக்குக்காட்டி நிலை என்று ஒன்று உண்டு, ஒரு சென்ரிமீற்றர் தூரத்திலேயே குவியும். புதிதாகத் தொடங்குகிறவர் உடனே வாங்கத் தேவையில்லை. கைப்பேசியில் கொழுவும் உருப்பெருக்கி வில்லையும் சாப்பாட்டுப் பெட்டியும் வைத்து ஒரு வருடம் ஓட்டலாம்.

பாசித் தட்டு முறை

தொடங்குகிறவருக்கு நிச்சயமாக ஏதாவது காட்டும் முறை இதுதான், அதனால் விரிவாகச் சொல்கிறேன்.

சாதாளைக்கு இடையில், கல் விளிம்பில், பச்சை நிறத்தில் குலைகுலையாகவோ இறகு வடிவிலோ படரும் கோலர்ப்பா என்ற பாசியைத் தேடுங்கள். இல்லையென்றால் சுண்ணாம்பு ஏறிய பச்சை வில்லைகள் கோத்த ஹலிமேடா. ஒரு கைப்பிடி, அதற்கு மேல் வேண்டாம். அடிவேரைப் பிடுங்காமல் மேலால் மட்டும் எடுங்கள். எடுத்த இடத்தில் ஒரு கல்லை அடையாளம் வையுங்கள்.

ஐஸ்கிறீம் பெட்டியில் அதே இடத்துத் தண்ணீரை இரண்டு விரல் உயரத்துக்கு விட்டு, பாசியை உதிர்த்துப் பரப்புங்கள். குடை நிழலில் வைத்து, குலுக்காமல் இருபது முதல் நாற்பது நிமிடம் விடுங்கள். இதுதான் கடினமான பகுதி. பொறுமை கெட்டு ஐந்து நிமிடத்தில் கொட்டிவிடுகிறார்கள். நேரம் போகப்போகப் பாசிக்குள் ஒட்சிசன் குறையும், உள்ளே இருந்ததெல்லாம் வெளியே வந்து பெட்டி விளிம்பில் ஏறும். முதலில் சிறு இறாலும் புழுவும் வரும். பிறகு, வெள்ளைச் சுவரில் ஒரு பச்சைத் துணுக்கு நகர்கிறதைக் காண்பீர்கள். உருப்பெருக்கியில் பார்த்தால் இரண்டு கொம்பும், கொம்படியில் கறுப்புப் புள்ளியாகக் கண்ணும், பக்கவாட்டில் மடித்து வைத்த இரண்டு சிறகு மடலும் தெரியும். எலீசியா அது. மடலை விரிக்கும்போது உள்ளே ஓடும் கிளைக் குழாய்களின் பச்சை, பாசியின் பச்சை. ஒற்றை வரிசைப் பல்லால் பாசிக் கலத்தைக் குத்தி, சாற்றை உறிஞ்சி, பச்சையம் அடங்கிய பச்சையவுருமணிகளை மட்டும் சமிக்காமல் தன் உடலில் வைத்துக்கொள்கிறது. சில இனங்களில் அந்தப் பச்சையவுருமணிகள் வாரக்கணக்காக, மாதக்கணக்காகக்கூட வெயிலில் வேலை செய்யும். எலீசியாவின் இரண்டு இனங்கள் தலையைத் தானே கழற்றிக்கொண்டு, ஏறத்தாழ மூன்று கிழமைக்குள் அந்தத் தலையிலிருந்து இதயம் உட்பட முழு உடலையும் வளர்த்தெடுப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்டார்கள்.

தூரிகையால் மெல்லத் தொட்டபோது பால் வெள்ளையாக ஏதாவது கசிந்தால் அது ஒக்சினோயி அல்லது அதன் உறவு. கோலர்ப்பாவின் நஞ்சை மாற்றி அமைத்து வெளியே விடுகிறது. உடனே தண்ணீரை மாற்றுங்கள், பெட்டியில் உள்ள மற்ற உயிர்கள் சாகாமல் இருக்க.

ஹலிமேடாவில் இருப்பது இன்னும் சிரமம். எலீசியா புசில்லா வில்லையோடு வில்லையாகத் தட்டையாகப் படுத்திருக்கும். வில்லைகளை எண்ணாதீர்கள், எந்த வில்லைக்குக் கொம்பு இருக்கிறது என்று பாருங்கள்.

முடிந்ததும் எல்லாவற்றையும் எடுத்த அதே கல்லடியில் விடுங்கள். வேறு இடத்தில் விட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை.

கல்லும் கடற்பஞ்சும்

வடகரையில் இரண்டு கையால் தூக்கக்கூடிய கல்லை மட்டும் புரட்டுங்கள். உயிர்ப் பவளத்தைத் தொடவே வேண்டாம். முதலில் கல்லின் மேலையும் பக்கங்களையும் பாருங்கள், கல்லைப் போலவே அசையாமல் கிடக்கும் நச்சுமீன் எங்கள் கடலில் உண்டு. பிறகு, உங்களுக்கு எதிர்ப்புற விளிம்பில் விரலை விடாமல், ஒரு தடியால் நெம்பி உயர்த்துங்கள். கீழே கடற்பஞ்சு ஒட்டியிருந்தால், அதில் கறண்டிய தழும்பு தெரிகிறதா என்று பாருங்கள். பஞ்சில் வெளிறிய பள்ளம் நத்தை மேய்ந்த தடம். கல்லைப் பழையபடி அதே பக்கம் கீழாக வைக்க வேண்டும். அப்படியே விட்டுவிட்டுப் போனால் அடியில் வாழ்ந்ததெல்லாம் வெயிலில் செத்து, அடுத்த முறை அந்தக் கல்லில் ஒன்றுமே இருக்காது.

முட்டை நாடாவும் நல்ல துப்பு. வெறுஞ்செவுள் நத்தை வெள்ளை, மஞ்சள், சிவப்பு நிறங்களில் சுருள் நாடாவாக, பெரும்பாலும் இரைக்கு அருகிலேயே முட்டை இடும். நாடாவைக் கண்டால் கை எட்டும் தூரத்துக்குள் தாய் இருக்கலாம். தாய் என்று சொன்னாலும் ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணும்தான். இரண்டு சந்தித்தால் வலப்பக்கத்தை வலப்பக்கத்தோடு ஒட்டி, இரண்டுமே பிறகு முட்டை இடும்.

இந்து சமுத்திரம் முழுக்கப் பரவிய இரண்டைப் பழகுங்கள். ஜோருன்னா ஃபியூனெப்ரிஸ்: வெள்ளை உடலில் கறுப்பு வளையங்கள், நீலக் கடற்பஞ்சில் இருக்கும். ஃபிலிடியா வரிகோசா: நீலச்சாம்பல் மேடுகள், மேட்டு நுனியில் மஞ்சள், முதுகில் செவுள் கொத்து இல்லை, செவுள் ஓரத்துக்குக் கீழே மறைந்திருக்கும். இந்த இரண்டாவதை எந்தக் காரணத்துக்காகவும் மற்ற உயிரோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். பஞ்சிலிருந்து எடுத்த நஞ்சைத் தண்ணீரில் விட்டு மீனையும் கொன்றுவிடும்.

இரவில் வருபவை தனி. 1850களின் இறுதியில் இலங்கையின் கடல்நத்தைகளை விவரித்த மருத்துவர் கெலார்ட் பெயரிட்ட பிளோகமோபெரஸ் சிலோனிகஸ், சீண்டினால் ஒளிவிடும் பேரினத்தைச் சேர்ந்தது. இருட்டில் ஆழங்குறைந்த இடத்தில் மட்டும், இருவராக, இரண்டு ரோச்சோடு போங்கள். கரையின் சில பகுதிகளில் இரவில் இறங்கக் கடற்படையிடம் முதலே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

கடல் முயல்

சாதாளைப் படுகையில் மண்ணிறமாய், கையளவில், காது மாதிரி இரண்டு கொம்போடு மேய்கிறது கடல் முயல். சாதாளைத் தாளில் மஞ்சள் நூல் இடியப்பச் சிக்காகச் சுற்றிக் கிடந்தால் அது அதன் முட்டை; இலட்சக்கணக்கில் இருக்கும், பெரும்பகுதி மீனுக்கும் நண்டுக்கும் சாப்பாடாகும். டொலபெல்லா என்ற பெரிய வகை முப்பது சென்ரிமீற்றரையும் தாண்டும், பின்பக்கம் சாய்வாக வெட்டிய தட்டாக இருக்கும். இந்த நத்தையில் கண்டெடுத்த டொலஸ்ரற்றின் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஒரு புற்றுநோய் மருந்தின் நச்சுப்பகுதியை உருவாக்கினார்கள். அந்தப் பொருளை உண்மையில் ஆக்குவது நத்தை தின்னும் நீலப்பச்சைப் பாசி.

தூக்கினால் ஊதா மை விடும். சிவப்புப் பாசியின் நிறத்திலிருந்து செய்த மை அது, கையைப் புண்ணாக்காது, துணியில் கறை போகாது. பெட்டியில் போடாதீர்கள்: அரை லீற்றர் தண்ணீரில் மையும் சளியும் சேர்ந்து பத்து நிமிடத்தில் மூச்சுத்திணறும்.

இருக்கிற இடத்திலேயே ஒன்று செய்து பார்க்கலாம். முதுகின் பின்பக்கம் தண்ணீரை வெளியேற்றும் சிறு குழாய் தெரியும். அதைத் தூரிகை நுனியால் மெதுவாகத் தொடுங்கள். குழாயும் செவுளும் உள்ளே இழுபடும். மறுபடி விரியும்வரை அரை நிமிடம் பொறுத்துத் திரும்பத் தொடுங்கள். பத்துத் தரம் ஆகும்போது இழுப்பு நன்றாகக் குறைந்திருக்கும். ஏறத்தாழ 20,000 நரம்புக் கலங்களே உள்ள இந்த விலங்கின் இதே பழக்கத்தை வைத்துத்தான் எரிக் கண்டெல் நினைவு எப்படிப் பதிகிறது என்று காட்டி 2000இல் நோபல் பரிசு பெற்றார். ஒரு நத்தையில் ஒரு தரம் செய்தால் போதும்.

கடல்நீரேரிச் சேற்றில் சில வேளை நீலப் புள்ளியும் மயிர்மயிரான தோலும் உள்ள பர்சட்டெல்லா கூட்டங்கூட்டமாக வரும். சேற்றின்மேல் படியும் நீலப்பச்சைப் பாசிப் படலத்தை மேய்ந்து முடித்து, முட்டை இட்டு, மொத்தமாகச் சாகும். கரையில் அவை ஒதுங்கிக் கிடந்தால் உடனே நஞ்சு கலந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். மீனும் நண்டும் சேர்ந்து செத்திருக்கிறதா என்று பாருங்கள். நத்தை மட்டும் என்றால் பெரும்பாலும் ஆயுள் முடிந்ததுதான். எல்லாமும் என்றால் தண்ணீரில் ஒட்சிசன் போயிருக்கிறது, கடற்றொழில் பரிசோதகருக்கு அறிவியுங்கள்.

தொடக்கூடாத ஒன்று

வாடைக் காலத்தில் கரையில் நீலநிறச் சொறி (இழுதுமீன் மாதிரி மிதந்து கொட்டும் உயிர்), நீல வட்டுகள் ஒதுங்கினால் அவற்றுக்கிடையே மூன்று சென்ரிமீற்றரில் வெள்ளியும் நீலமுமாக, பக்கவாட்டில் விரல் விரித்த நத்தை கிடக்கலாம். கிளோக்கஸ். வயிற்றில் காற்றை வைத்துத் தலைகீழாக மிதந்து, நீலச்சொறியைத் தின்று, அதன் கொட்டும் கலங்களை விரல் நுனிகளில் சேர்த்து வைக்கிறது. சொறியைவிடக் கடுமையாகவும் கொட்டலாம், செத்தபின்னும் கொட்டும். பிள்ளைகளுக்கு இதை முதலே சொல்லிவையுங்கள். கொட்டினால் மண்ணால் தேய்க்காமல் கடல்தண்ணீரால் கழுவி, ஒட்டியிருப்பதை இடுக்கியால் எடுத்து, தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். மூச்சு இழுத்தால் உடனே ஆசுபத்திரி.

சேற்றில் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடங்கள். புதைந்து கிடக்கும் திருக்கை விலகிப்போகும். அழகான கூம்புச் சங்கைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போடாதீர்கள், உயிரோடிருந்தால் சில இனங்களின் கொடுக்கு ஆளையே கொல்லும்.

படமும் பதிவும்

ஒரு நத்தைக்கு ஆறு படம்: மேலிருந்து முழு உடல், வலப்பக்கம், கொம்பு, செவுள், அது இருந்த இரை, அடிமட்டத்தோடு ஒன்று. புதியவர்கள் மேலிருந்து மட்டும் பத்துப் படம் எடுக்கிறார்கள், பெயர் கண்டுபிடிக்க அது உதவாது. வெளிச்சத்தை நேரே அடித்தால் சளியில் பட்டு வெள்ளைப் பொட்டாகும். பக்கவாட்டில் 45 பாகையில் அடியுங்கள். தண்ணீருக்கு வெளியே எடுத்துப் படம் பிடித்தால் செவுள் ஒடுங்கிச் சளிக் கட்டியாகத்தான் தெரியும். சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தாலும் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், வெயிலில் அரை லீற்றர் தண்ணீர் மிகக் கெதியாகச் சூடாகும்.

கொப்பியில் திகதி, நேரம், இடம், ஆழம், நீளம் மில்லிமீற்றரில், இரை, முட்டை உண்டா இல்லையா. பல இனங்களின் ஆயுள் ஒரு வருடத்துக்கும் குறைவு என்பதால் கடல் மாறினால் முதலில் மாறுவது இவற்றின் வரவுதான். அதே கல்வரிசையை மாதம் ஒருமுறை அதே அளவு நேரம் தேடி, ஒன்றும் காணாத நாளையும் எழுதிவைத்தால் அந்தப் பதிவுக்குப் பெறுமதி உண்டு. கண்ட நாளை மட்டும் எழுதினால் எது கூடியது, எது குறைந்தது என்று பிறகு சொல்ல முடியாது.

படங்களை, கண்ட உயிர்களைப் பதிவுசெய்யும் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் இடத்தோடு ஏற்றுங்கள். செயலி தரும் முதல் பெயரை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள், பல பச்சை நத்தைகளை உள்ளுறுப்பைப் பாராமல் பிரிக்கவே முடியாது. எலீசியா வரை நிச்சயமென்றால் எலீசியா என்று மட்டும் போட்டு, எந்தப் பாசியில் இருந்தது என்று கீழே எழுதுங்கள். மாதிரி எடுத்துப் போத்தலில் போடுவது வனசீவராசிகள் திணைக்கள அனுமதியோடு ஆய்வாளர் செய்யும் வேலை. வலையில் அகப்பட்டு ஆராவது கொண்டுவந்து தந்தால், பிடித்த இடத்தைக் கேட்டு எழுதி, படம் எடுத்து, அவர் அடுத்த முறை போகும்போது அங்கேயே விடும்படி வாளித் தண்ணீரோடு திருப்பிக் கொடுங்கள்.